தேய்த்துப் பொருத்தினால் போதுமா?

என் பழைய மோட்டார் சைக்கிளின் எக்ஸாஸ்ட் வால்வு ஒருமுறை கருகிப் போயிற்று. அந்த ரக வண்டியின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடையில் கிடைத்ததோ வேறு யாரோ தயாரித்த வால்வு. தண்டு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடுதல். "அதனாலென்ன சார், நுனியைக் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்றார் பட்டறைக்காரர். தேய்த்தார், பொருந்தியது, வண்டியும் ஓடியது. இரண்டே மாதத்தில் நுனி குழிந்து, எஞ்சின் தடதடக்கத் தொடங்கியது.

மாணவர்களே, தவறு எங்கே நேர்ந்தது?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ராக்கரின் அத்தனை அடியையும் தாங்குவது தண்டின் நுனிதான். அதற்காகவே நுனியைக் கடினப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கடினப் பகுதி ஆழமானதன்று. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது மென்மையான உலோகமே. மேலும், நுனிக்கும் வால்வு லாக் அமரும் பள்ளத்துக்கும் உள்ள தூரமும் குறைகிறது. ராக்கர் ஸ்பிரிங் தட்டில் இடித்து லாக் கழன்றால், வால்வு சிலிண்டருக்குள் விழும், பிஸ்டன் உடையும்.

சரி, தேய்க்காமலே மாட்டலாமா? ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.012 மி.மீ. நீள்கிறது. 100 மி.மீ. தண்டின் வெப்பநிலை சராசரியாக 300 டிகிரி உயர்ந்தால் 0.36 மி.மீ. நீளும். எஞ்சினின் தலைப்பகுதியும் விரியும். ஆனால் இரண்டும் ஒரே அளவாக விரிவதில்லை. டாப்பெட் இடைவெளி விடுவது இதற்காகத்தான். இடைவெளி இல்லையேல் வால்வு முழுமையாக மூடாது. தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இருக்கையின் வழியே வெளியேற்றும் வால்வு, அதில் சரியாக அமராவிட்டால் கருகாமல் என்ன செய்யும்?

"அனுபவமுள்ள கைக்கு அளவுகோல் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கை அறிவது குளிர்ந்த எஞ்சினை. வால்வு உழைப்பதோ சூடான எஞ்சினில்!

1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் மூன்று காடிலாக் கார்களை முழுவதும் பிரித்து, பாகங்களைக் கலந்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டினார்கள். ஸ்பானர், திருப்புளி போன்ற எளிய கருவிகளே போதுமாயிருந்தன. மூன்று கார்களும் 500 மைல் ஓடிக் காட்டின. அளவின் வெற்றி அது.

பாகத்தை மாற்றியமைப்பதே தவறு என்று நான் கூறவில்லை. பழைய எஞ்சின்களுக்கு உயிர் கொடுப்பவர்கள் பட்டறைக்காரர்களே. ஆனால் எதை, எவ்வளவு குறைக்கலாம் என்று அளந்து தெரிந்தபின் கை வைக்க வேண்டும். குறைக்க இடமில்லையெனில் "இது பொருந்தாது" என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

குற்றம் பட்டறையில் மட்டுமா? 0.01 மி.மீ. வரை அளக்கும் திருகு அளவியைத் தேர்வுக்கு ஒரு முறை தொட்டுவிட்டு அலமாரியில் பூட்டும் எங்களுக்கும் அதில் பங்குண்டு. அடுத்த முறை ஆய்வகத்தில் கம்பிக்குப் பதிலாக ஒரு பழைய வால்வை அளக்கக் கேளுங்கள். ஆசிரியர் மறுக்கமாட்டார்.