டெல்லிக்குப் போக பெங்களூரு எதற்கு?



எதிர்வீட்டுப் பையன் ஒரு காகிதத்தோடு வந்தான். டெல்லியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போக, அவன் அப்பா எழுதி வைத்த விமானப் பயண விவரம். "டீச்சர் பாட்டி, டெல்லி வடக்கேதானே இருக்கு? விமானம் ஏன் மேற்கே பெங்களூருக்குப் போகுது? அங்கே வேற ரொம்ப நேரம் காத்திருக்கணுமாம்!" என்றான்.

நியாயமான கேள்விதான். நம் லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர் நீளம். 180 பேர் அமரும் பெரிய ஜெட் விமானங்கள் முழுச் சுமையோடு ஏறி இறங்க அது போதாது. எழுபது, எண்பது பேர் அமரும் விசிறி விமானம்தான் வரமுடியும். டெல்லியோ 1,800 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறக்கும் விமானம் அல்ல அது.

சரி, பெரிய விமானம் இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். தினமும் டெல்லிக்கு மட்டும் 180 பேர் புதுச்சேரியில் கிடைப்பார்களா? ஆனால் பெங்களூருக்குப் போகும் சிறிய விமானத்தில் டெல்லி, மும்பை, கொச்சி, சிங்கப்பூர் போகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏறலாம். இருக்கைகள் நிரம்பும்.

ஒரு காகிதத்தில் 10 புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் 45 கோடுகள் வரும். ஒரு புள்ளியை நடுவில் வைத்து மற்றவற்றை அதோடு மட்டும் இணைத்தால்? 9 கோடுகளே போதும்! எங்கிருந்தும் எங்கும் போகலாம். நடுவில் இறங்கி ஏற வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் ரயிலும் இப்படித்தானே? 1879-இல் போடப்பட்ட பாதை மேற்கே விழுப்புரம் போய்த்தான் பெரிய பாதையோடு சேர்கிறது. வடக்கே உள்ள சென்னைக்கும் அப்படித்தான் போகிறோம்.

2024 டிசம்பர் 20-இல் இண்டிகோ நிறுவனம் இங்கே சேவை தொடங்கியபோது வந்த அட்டவணையைப் பாருங்கள். பெங்களூரில் கிளம்பி புதுச்சேரி, பிறகு ஹைதராபாத், மீண்டும் புதுச்சேரி, கடைசியில் பெங்களூரு. ஒரே விமானம், நான்கு பயணங்கள்! தரையில் சும்மா நிற்கும் விமானத்தால் வருமானம் இல்லை. அதனால்தான் இந்த ஓட்டம்.

காத்திருப்பதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. நாளுக்கு ஒரு முறை வரும் விமானம், பெரிய ஊரிலிருந்து கிளம்பும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும் நேரத்தில் போய்ச் சேர முடியாது. எது பொருந்துகிறதோ அதை கம்ப்யூட்டர் கோத்துக் கொடுக்கிறது. அந்த நீண்ட காத்திருப்பு உங்களுக்காக யாரோ உட்கார்ந்து போட்ட திட்டம் அல்ல. காலி இருக்கையோடு பறப்பதைவிட, அலுப்பான வழியையும் விற்கலாமே என்பதுதான் கணக்கு. சில சமயம் அதுவே மலிவாகவும் இருக்கும்.

ஆனால் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. சென்னை விமான நிலையம் காரில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து டெல்லிக்கு நேரடி விமானம். வசதி உள்ளவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். ஆள் குறைந்தால் இங்கே சேவை நிற்கும். சேவை நின்றால், இருக்கும் ஆட்களும் சென்னைக்கே பழகிவிடுவார்கள். 2013-இல் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விமானம் விட்டது, நின்றது. 2017-இல் சிறு நகரங்களுக்கான மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில் ஹைதராபாத்துக்கு வந்தது. கொரோனாவில் நின்று, 2022-இல் திரும்பி, 2024-இல் மறுபடி நின்றது. இண்டிகோ வந்தது அதன் பிறகுதான்.

ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வருமே என்று கேட்பீர்கள். நீட்ட வேண்டிய நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. இரண்டு அரசுகள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் அது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு என்ன விலை, எங்கே மாற்று இடம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட பையன், "அப்போ பெங்களூருல சாப்பிட என்ன கிடைக்கும் பாட்டி?" என்றான்!