கலைஞனின் கழிவுநீர்

'இயற்கைக்குத் திரும்புவோம்' என்னும் கோஷம் இன்று ஓவியக் கூடங்களிலும் ஒலிக்கின்றது. மஞ்சளையும் செம்மண்ணையும் குழைத்துத் தீட்டிவிட்டாற் சூழலுக்குத் தீங்கு செய்யாத கலை பிறந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். கேட்பதற்கு இனிய இந்நம்பிக்கை ஆராய்ந்து பார்க்குமிடத்து நிலைத்து நிற்பதன்று.

கூத்தனின் ஒப்பனையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் 'அரிதாரம்' என்னும் சொல்லையே நோக்குக. அரிதாரம் மண்ணிலிருந்து அகழப்படும் மஞ்சள்நிறக் கனிப்பொருள். ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த சேர்வை. சிவந்த சாதிலிங்கமோ இரசமும் கந்தகமும் சேர்ந்தது. கண்டிக்காலக் கைவினைஞரின் வண்ணப் பொருள்களுள் இவ்விரண்டும் அடங்கும் என்பது ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட நூலாற் புலனாகும். இவை இயற்கையானவையே, நஞ்சும் இயற்கையானதே. சிகிரியாவிற் காவி மண்ணைத் தீட்டியவன், இவ்வகையில், பேறு பெற்றவன். மூலிகைச் சாயத்தின் பெருமை பேசுவோர், அச்சாயம் துணியிற் பற்றுவதற்காகச் சிலவேளை பொற்றாசியம் இருகுரோமேற்றும் சேர்க்கப்படுவதைப் பேசுவதில்லை. படிகாரம் போதுமான இடத்திலும் நிறத்தின் பொலிவை வேண்டி அந்நஞ்சை நாடுவோர் உளர்.

ஆகவே கேட்கப்பட வேண்டியது, பொருள் எங்கிருந்து வந்தது என்பது மாத்திரமன்று. அதன் தூசியைச் சுவாசிப்பவர் யார், அதன் எச்சம் எங்கே செல்கின்றது என்பனவுமாகும். இக்கேள்விகளிலிருந்து கலைஞன் நீண்டகாலமாகத் தப்பியே வந்துள்ளான். 1921 இல் சர்வதேசத் தொழில் மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடைசெய்யும் சமவாயமொன்றை நிறைவேற்றியது. அதன் இரண்டாம் உறுப்புரையோ கலை ஓவியத்தை அத்தடையிலிருந்து விலக்கிவிட்டது. சுவருக்கு வர்ணம் பூசும் தொழிலாளிக்கு நஞ்சானது, ஓவியனின் கையில் மாத்திரம் எவ்வாறு அமுதமாயிற்று? ஓவியர் தம் வண்ணங்களால் நோயுறுவதை இத்தாலிய மருத்துவர் இரமசினி 1700 இலேயே எழுதிவைத்திருந்தார். கலை வேறு, தொழில் வேறு என்னும் மேட்டிமை எண்ணமே இவ்விலக்கின் அடிப்படை எனலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இம்மேட்டிமைக்கு இடமே இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு கிடையாது. குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரே. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடாக மேலே ஊற்றியது கீழே விரைந்து இறங்கும். கோயில் வாகனத்திற்கு இனாமல் தீட்டியவன் தூரிகை கழுவிய டர்பன்டைனும், பத்திக் துணியை அவித்த சாயநீரும் கொல்லைப்புறத்து வாழையடியிற் கொட்டப்படுமாயின், அவை சென்று சேருமிடம் அயலவரின் கிணறுதான். தொழிற்சாலைக் கழிவோடு ஒப்பிட்டால் இது துளியளவே என்பர். உண்மை, ஆனால் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை குறித்து 2015 இல் வீதிக்கு வந்து குரலெழுப்பிய சமூகம், தன் கையாற் கொட்டும் துளிக்கு விலக்குக் கோருவது முறையாகுமா?

செய்யக்கூடியவை கடினமானவையுமல்ல. தூரிகையைக் கழுவுமுன் பழந்துணியால் நன்கு துடைத்துவிட்டாற் பெரும்பகுதி வர்ணம் நீரிற் சேராது. பயன்படுத்திய டர்பன்டைனை மூடிய போத்தலில் இரண்டொரு நாள் தெளியவிட்டால் மேலுள்ளது மீண்டும் உதவும். அடியிற் படிந்த மண்டியைத் தகரப் பேணியில் அடைத்துவைக்கலாம். பழைய பூச்சை உரஞ்சுவோர் நனைத்து உரஞ்சினாற் தூசி எழாது. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, பழக்கமே வேண்டும். அப்பழக்கம் சித்திரம் கற்பிக்கும் வகுப்பறையிற் தொடங்க வேண்டியது.

விழா மேடைகளின் கதை இன்னும் வெட்கத்திற்குரியது. 2017 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி விதிகள், விழா அலங்காரத்திற்குப் பொலித்தீன் பயன்படுத்துவதையும் பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதையும் தடைசெய்தன. எனினும் றெஜிபோமில் வெட்டிய வளைவுகளும் எழுத்துக்களும் மேடைகளிற் காட்சியளிக்கின்றன. 'சூழலைக் காப்போம்' என்ற வாசகத்தையே றெஜிபோமில் வெட்டி ஒட்டுவோரை என்னென்பது! தென்னங்குருத்தும் வாழையும் மலிந்த மண்ணில், தோரணம் பின்னத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே மாணவர் அக்கலையைக் கேட்டுப் பயிலலாம்.

அடைத்துவைத்த பேணிகளை எங்கே ஒப்படைப்பது என்ற வினா எஞ்சுகின்றது. பல்கலைக்கழக நிருவாகங்களும் பிரதேச சபைகளும் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவை. மாணவர் மன்றங்கள் அதனை எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.