பிடுங்குவதா, காப்பதா?

மும்பையில் தமிழர்கள் திரளாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் பல் தொல்லை எல்லோருக்கும் பொது. கேள்விகள்தான் வேறு. "பிடுங்கிடுங்க டாக்டர், சனியன் விட்டது" என்பார் ஒரு நாள் லீவு போட்டால் கூலி போய்விடும் தாராவித் தொழிலாளி. "இந்த வயசுல இம்ப்ளான்ட் தாங்குமா?" என்பது ஓய்வுபெற்ற மாட்டுங்காக்காரரின் சந்தேகம். "முகூர்த்தத்துக்குள்ள பல் வெள்ளையாகுமா?" என்பது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயித்த செம்பூர்த் தாயின் கவலை. மூவரும் முதலில் கேட்க வேண்டியது, பல்லுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதைத்தான்.

வலிக்கும் பல்லையெல்லாம் பிடுங்க வேண்டியதில்லை. சொத்தை பல்லின் நடுவிலுள்ள கூழை எட்டும்போதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வருகிறது. அந்தக் கூழை அகற்றி, வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதே ரூட் கெனால். கடைவாய்ப் பல்லானால் பெரும்பாலும் மேலே உறையும் போட வேண்டும். வலி நின்றதும் உறையை மறந்தால், என்றாவது முறுக்கு கடிக்கும்போது பல் பிளந்து, செலவழித்த பணமும் வீணாகும்.

பிடுங்கினால் செலவு மிச்சம் என்பது பாதிக் கணக்குதான். காலி இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாயும். எதிர்வரிசைப் பல் நகரும். கழற்றி மாட்டும் பல் மலிவு. பிரிட்ஜ் கட்டுவதற்கு இருபுறத்துப் பற்களையும் தேய்க்க வேண்டும். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் வேர். ஸ்வீடனின் பிரானேமார்க் 1965-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. எலும்போடு அது இறுகச் சில மாதங்கள் ஆகலாம். இதற்கு வயது தடையல்ல. கட்டுப்படாத சர்க்கரையும் புகைப் பழக்கமுமே எதிரிகள்.

நடைபாதையில் பெட்டி விரித்துச் சில நிமிடங்களில் பல் ஒட்டித் தருபவர்களிடம் போகலாமா? கூடவே கூடாது. பதிவு பெறாதவர்கள் பல் வைத்தியம் பார்ப்பதை 1948-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்தது. அக்ரிலிக்கைக் குழைத்துப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டினால், அடியில் உணவு தங்கி, ஈறு புண்ணாகி, நல்ல பற்களும் ஆடத் தொடங்கும்.

பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம் பரவலாக உண்டு. உண்மையில் ஈறைக் கெடுத்துப் பல்லை ஆட வைப்பது காரைதான். அதை எடுத்ததும் அது மறைத்திருந்த இடைவெளி தெரிகிறது, அவ்வளவே. மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை மங்கும் என்பதும் கட்டுக்கதை.

மணப்பெண் விஷயத்துக்கு வருவோம். வெறும் மேல்கறை என்றால் சுத்தம் செய்தாலே போதும். பெராக்சைடு கொண்டு வெளுக்கும் சிகிச்சையில் சில நாள் பல் கூசலாம். உறை போட்ட பல்லும் அடைத்த பல்லும் நிறம் மாறாது. உப்பு, சாம்பல், எலுமிச்சை தேய்ப்பது எனாமலைத்தான் கரைக்கும்.

ஆனால் கறை புகையிலையால் வந்ததென்றால் அழகைப் பிறகு பார்க்கலாம். பற்பசை, பற்பொடியில் புகையிலை சேர்ப்பது 1992-லும், மகாராஷ்டிரத்தில் குட்கா 2012-லும் தடை செய்யப்பட்டன. இருந்தும் வறுத்த புகையிலைப் பொடியான மிஷ்ரியால் பல் தேய்க்கும் பழக்கம் அங்கே பெண்களிடமும் உண்டு. வாயில் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்க முடியாதபடி இறுகும் வாய், இவற்றில் எது தென்பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். புற்றுநோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

தனியார் கிளினிக் கட்டுப்படியாகாதவர்கள் மாஹிமிலிருந்து லோக்கல் ரயிலில் மும்பை சென்ட்ரல் போகலாம். மாநகராட்சியின் நாயர் மருத்துவமனை பல் மருத்துவக் கல்லூரி 1933 முதல் அங்கே இயங்குகிறது. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்களும் சிகிச்சை தருவார்கள். காத்திருக்க வேண்டும், ரூட் கெனால் என்றால் பல முறை போக வேண்டியிருக்கும். அத்தனை நாள் கூலியும் போகும்தான். சொத்தை சிறு புள்ளியாக இருக்கும்போதே போனால், பெரும்பாலும் ஒரே நாளில் அடைத்து அனுப்பிவிடுவார்கள்.