ஐஸ் விழவில்லையா? மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள்



அக்னி நட்சத்திரம் வந்துவிட்டது. மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் இந்த நாட்களில், வீட்டுக்குறிப்புப் பகுதிக்கு ஒரே கேள்வி வெவ்வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. கடன் போட்டுப் பெரிய ஃபிரிட்ஜ் வாங்கினோம், தானாகவே ஐஸ் விழும் என்றார்கள், ஒரு கட்டிகூட ஒழுங்காக விழவில்லை என்கிறார்கள். ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் பக்கம் போய்க்கொள்ளலாம். ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு நன்னாரி சர்பத் கலக்க வீட்டில் ஐஸ் வேண்டுமே!

ஃபிரிட்ஜைக் குறை சொல்வதற்கு முன் மொட்டைமாடித் தொட்டியைப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

தண்ணீர்க் குழாயோடு இணைக்கும் ஐஸ் மேக்கரில், ஃபிரிட்ஜின் பின்புறம் ஒரு சின்ன வால்வு இருக்கும். அது சில நொடிகள் மட்டும் திறந்து மூடும். அந்த நேரத்துக்குள் அச்சு நிரம்பியாக வேண்டும். அதற்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ அழுத்தமாவது தேவை. சில மாடல்கள் இன்னும் கூடுதலாகவே கேட்கும். தொட்டித் தண்ணீர் தன் எடையால் மட்டும் அந்த அழுத்தத்தைத் தர வேண்டுமானால், தொட்டி ஏறக்குறைய 46 அடி உயரத்தில் நிற்க வேண்டும். நம் வீடுகளில் கீழ்த்தள அடுக்களைக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவே எவ்வளவு இருக்கும்? 12 அடி, மிஞ்சினால் 25 அடி. பைப்பில் தண்ணீர் கொட்டத்தான் செய்யும், குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். ஐஸ் மேக்கருக்குப் பத்தாது.

விழுகிற கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே விஷயம் தெரியும். மெலிந்து, உள்ளே கூடாக, அழுத்தினால் நொறுங்கினால் அச்சு பாதிதான் நிரம்பியிருக்கிறது. அழுத்தம் குறைந்தால் வால்வும் இறுக மூடாது. சொட்டுச் சொட்டாகக் கசியும் தண்ணீர் ஃப்ரீசருக்குள் நுழையும் குழாயிலேயே உறைந்து வழியை அடைத்துவிடும். அப்புறம் ஐஸ் அடியோடு நின்றுபோகும். இதற்குச் சின்ன பிரஷர் பம்ப் வைத்தால் போதும். சுவரில் மாட்டும் ஆர்.ஓ. மெஷினிலிருந்து நேராக லைன் இழுத்தாலும் இதே கதைதான். அங்கும் நடுவில் பம்ப் வேண்டும்.

அடுத்தது உப்பு. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் எப்படிப்பட்டது என்று வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடி சொல்லும். வால்வின் வாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை அடைத்துவிட்டு, ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். கண்கள் அடைபட்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தால் கொஞ்ச நேரம் வினிகரில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். ஃபிரிட்ஜின் தண்ணீர் ஃபில்டரை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உப்புத் தண்ணீருக்கு அவ்வளவு நாள் தாங்காது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸை ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி 1842 வாக்கில் கட்டினார். போஸ்டன் பக்கத்துக் குளங்களில் பனிக்காலத்தில் அறுத்தெடுத்த ஐஸ், மரத்தூள் போர்த்திக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து அங்கே வந்து இறங்கியது. அன்று குளிரோடு தண்ணீரும் வெளியூரிலிருந்தே வந்தது. இன்று குளிரை ஃபிரிட்ஜ் தருகிறது, தண்ணீர் நம் ஊர்த் தண்ணீர். அந்தத் தண்ணீரின் அழுத்தத்தையும் உப்பையும் பார்க்க வேண்டும் என்பதை ஃபிரிட்ஜ் விற்கும்போதே கடைக்காரர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உள்ளேயே தொட்டி வைத்து, நாமே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் மாடல்களும் இருக்கின்றன. பல வீடுகளுக்கு அதுவே போதும்.

மற்றபடி, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறதா, ஐஸ் நிறுத்தும் கம்பி மேலே தூக்கியபடி நிற்காமல் கீழே இறங்கியிருக்கிறதா, கதவு ரப்பர் இறுகப் பிடிக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். புதிதாக இணைத்தவர்கள் ஒரு நாள் முழுக்கப் பொறுங்கள். முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உறைந்த இடத்தைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்தாதீர்கள். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் அக்காமார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அதன் ஃப்ரீசர் சுவருக்குள்தான் கேஸ் குழாய் ஓடுகிறது. ஒரு குத்தில் மொத்தமும் வீணாகும். இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது தீப்பற்றக்கூடிய கேஸ் வேறு. பிளக்கை எடுத்துவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றி வைத்தால் தானே இளகிவிடும்.

உங்கள் வீட்டுத் தொட்டி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, போர் தண்ணீரா, கார்ப்பரேஷன் தண்ணீரா, விழும் கட்டி எப்படி இருக்கிறது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு, வீட்டுக்குறிப்புப் பகுதியில் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்