முதலில் கை, பிறகு துப்பாக்கி

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். அதைப் பார்த்ததுமே, லட்சங்களில் விலைபோகும் ஜெர்மன் துப்பாக்கிதான் வேண்டும் என்று பெற்றோர் கடன் வாங்கத் துணிகிறார்கள். வேண்டாம். தொடக்கத்தில் குறி தவறுவது பெரும்பாலும் நிற்கும் நிலையாலும் மூச்சாலும் விசை இழுக்கும் விரலாலும்தான், குழலால் அல்ல. பயிற்சிக்கூடத்துத் துப்பாக்கியோ, நல்ல நிலையிலுள்ள பழையதோ போதும். மிச்சப் பணம் தரமான பெல்லட்டுகளுக்கும் பயிற்சியாளருக்கும் போகட்டும். தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்ப நுணுக்கமாகத் திருத்திக்கொள்ளும் வசதிதான் விலையுயர்ந்த துப்பாக்கியின் பெரிய பலம். தன் நிலை பிடிபட்டவருக்கே அதன் அருமை தெரியும். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் இந்திய வீரர் அபினவ் பிந்த்ரா கடைசிச் சுடுதலில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார். அந்தப் புள்ளிகளைத் தந்தது பல்லாண்டுப் பயிற்சி.