கை நடுக்கம் தீரும். மனத்தின் நிதானத்தை யார் பார்ப்பது?

வாகட்டில் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். பிம்பிரி-சிஞ்ச்வடுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. நூல் அளவு பிசகாமல் இரும்பைக் கடைந்த அவருடைய வலது கை, ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் நடுங்கத் தொடங்கியது. டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பாங்கில் செக்கைத் திருப்பினார்கள். டாக்டர்கள் சோதித்துவிட்டுப் பார்க்கின்சன் நோய் என்றார்கள். நடுக்குவாதம் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதுதான்.

சில ஆண்டுகள் மாத்திரையில் ஓடின. பிறகு ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரை நிற்கவில்லை. "மூளையில் மின்கம்பி வைத்துச் சிகிச்சை செய்யலாம்" என்றார் டாக்டர். வீட்டார் மூன்று கேள்விகள் கேட்டார்கள். எவ்வளவு செலவாகும்? உயிருக்கு ஆபத்து உண்டா? கை நடுக்கம் நிற்குமா?

மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. "இவருடைய யோசனையும் நிதானமும் மாறுமா? மாறினால் நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?" இதை நம்மவர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூளைக்குள் ஒரு பிரேக்

1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்த நோயை விவரித்து எழுதினார். மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் சிறுகச் சிறுக அழிவதால் இது வருகிறது. 1960-களின் பிற்பகுதியில் லெவோடோபா மருந்து புழக்கத்துக்கு வந்தது. இன்றும் அதுவே முதன்மையான மருந்து. அதன் பலன் ஏறி இறங்கத் தொடங்கும்போதுதான் மின்தூண்டல் சிகிச்சையைப் பற்றிய பேச்சு எழுகிறது.

மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியை மூளையின் ஆழத்தில் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டு போகிறார்கள். அந்தக் கம்பி தோலுக்கு அடியிலேயே கழுத்து வழியாக இறங்கி, மார்பில் பதித்த பாட்டரிப் பெட்டியோடு சேர்கிறது. விநாடிக்குச் சுமார் 130 முறை சிறு மின்துடிப்பு போகிறது. நோய் இதனால் குணமாவதில்லை. அதன் தொல்லைகள் குறைகின்றன.

கம்பி பெரும்பாலும் போய்ச் சேரும் இடத்தின் பெயர் சப்தாலமிக் நியூக்ளியஸ். ஒரு பருப்பளவே இருக்கும். இதன் வேலை என்ன? டாங்கே சவுக்கில் ரோட்டைக் கடக்க ஒரு காலை எடுத்து வைக்கிறீர்கள். பஸ் ஒன்று திரும்பி வருகிறது. சட்டென்று நின்றுவிடுகிறீர்கள். அப்படி நிறுத்துவதில் இந்தப் பருப்பளவு இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இது மூளையின் பிரேக்.

நடுக்குவாதக்காரரிடம் இந்த பிரேக் அளவுக்கு மீறி அழுந்திக் கிடக்கிறது. நடை தளர்வதற்கும் முகம் இறுகுவதற்கும் இதுவும் ஒரு காரணம். மின்துடிப்பு அதைத் தளர்த்துகிறது. வண்டி ஓடுகிறது. ஆனால் கால் கைகளை நிறுத்தும் அதே பிரேக்தான் யோசனையையும் நிறுத்தி வைக்கிறது. "இரு, அவசரப்படாதே, இரண்டும் நல்லதாகத் தெரிகிறது, இன்னொரு முறை பார்" என்று மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் இதே இடத்தின் துணையால்தான். நடைக்காகத் தளர்த்திய பிரேக், சிலருக்கு நிதானத்தையும் கொஞ்சம் தளர்த்திவிடுகிறது.

ஆராய்ச்சிகள் சொல்வது

2007-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் அமெரிக்கக் குழு இதை வெளியிட்டது. எளிதான தேர்வில் யாரும் சட்டென்று முடிவு செய்வார்கள். ஏறக்குறையச் சமமான இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சற்றுத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நல்லது. மின்தூண்டல் ஓடிக்கொண்டிருந்தபோது, நோயாளிகள் கடினமான தேர்விலேயே அந்தத் தயக்கத்தை விட்டு அவசரப்பட்டார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களிடம் இந்த அவசரம் இல்லை. அவர்களுக்கு வேறு குறை இருந்தது. கெட்ட முடிவிலிருந்து பாடம் கற்பது குறைந்தது.

2008-இல் ஜெர்மன் டாக்டர்கள் 123 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பொதுவான அறிவுத்திறன் குறையவில்லை. இரண்டு சோதனைகளில் மட்டும் சரிவு தெரிந்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் சொல்ல முடியும் என்பது ஒன்று. பச்சை மையில் எழுதிய 'சிவப்பு' என்ற சொல்லைப் படிக்காமல், மையின் நிறத்தை மட்டும் சொல்வது மற்றொன்று. வாய்க்கு வந்ததை அடக்கிக் கேட்டதற்குப் பதில் சொல்லும் சோதனை இது. மனத்தின் பிரேக்கை அளப்பது என்றே சொல்லலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சைக்குப் பயந்து ஓட வேண்டாம். 2009-இல் 255 நோயாளிகளை வைத்து வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களுக்குத் தொல்லையின்றி நடமாடும் நேரம் சராசரியாக நாளுக்கு 4.6 மணி கூடியது. மருந்தோடு நின்றவர்களுக்கு எதுவும் கூடவில்லை. நாளில் நாலரை மணி நேரம் என்பது சாதாரணமா? தானே குளித்து, தானே சாப்பிட்டு, கோயிலுக்கு நடந்து போகிற நேரம் அல்லவா அது? மேலும், சப்தாலமிக் சிகிச்சைக்குப் பிறகு மாத்திரை குறைகிறது. டோபமினைப் போல வேலை செய்யும் சில மாத்திரைகளே சிலருக்குச் சூதாட்ட வெறியையும் கண்டதை வாங்கிக் குவிக்கும் பழக்கத்தையும் கொண்டுவருவதுண்டு. அவர்களுக்கு மாத்திரை குறைவதே பெரிய நன்மை. ஆகவே தராசில் இரண்டு தட்டும் உண்டு. இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்னையில் பழகிய துறை

மூளையில் மின்கம்பி வைப்பது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அந்த மரபில் வந்தவர் டாக்டர் டி. எஸ். கனகா. ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர் என்று போற்றப்படுபவர். 1975-லேயே ஆழ்மூளைத் தூண்டலில் இறங்கியவர். 2018-இல் காலமானார். இன்று உலகெங்கும் நடக்கும் முறையை பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்து டாக்டர் பெனபித் 1987-இல் தொடங்கிவைத்தார். 1990-களின் இறுதியில் அது மும்பைக்கும் வந்துவிட்டது. வழி பழகிய வழிதான். ஆனால் பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் இருக்கும் நமக்கு அந்த வழியில் ஒரு தனிக் கல் கிடக்கிறது. அதுதான் மொழி.

எந்த மொழியில் சோதனை?

அறுவைக்கு முன் மனத்திறன் சோதனை உண்டு. ஞாபகமறதி நோய் முற்றியவர்களுக்கு இந்தச் சிகிச்சை ஏற்றதல்ல என்பதால் அதைச் செய்கிறார்கள். அண்ணாச்சிக்கும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் செய்தார்கள். இந்தியில் செய்தார்கள்! 'ப' எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார்கள். ஐந்து சொல்லி நிறுத்திவிட்டார். முப்பது ஆண்டு இங்கே இருந்தவர்தான். கடையில் பேசுவார், பட்டறையில் பேசுவார். ஆனால் அகராதியைப் புரட்டுவது போல இந்திச் சொல்லைத் தேடி எடுக்க அவரால் எப்படி முடியும்? 'குறைவு' என்று தாளில் எழுதிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர், "நமக்குப் புத்தி மழுங்கிப் போச்சு போலிருக்கே" என்று சோர்ந்து உட்கார்ந்தார்.

அவருடைய மகன் விடவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துச் சொல்லி, தமிழ் தெரிந்த உளவியலாளர் ஒருவரைக் கொண்டு மறுபடியும் சோதிக்கச் செய்தார். பனை, பானை, பால், பாக்கு, பம்பரம், பத்தமடை என்று அதே மனிதர் அடுக்கிக்கொண்டே போனார். ஊர்ப்பெயர் கணக்கில் சேராது என்று பத்தமடையை மட்டும் தள்ளினார்களாம்!

அயல்மொழிச் சோதனை குறைத்துக் காட்டும் என்பது மட்டுமல்ல, கூட்டியும் காட்டும். நிறச்சொல் சோதனையை எண்ணிப் பாருங்கள். தமிழ் படித்தவருக்குச் 'சிவப்பு' என்ற தமிழ் எழுத்து கண்ணில் பட்டவுடன் வாயில் வந்துவிடும். அதை அடக்குவதுதான் சோதனை. அதே சொல்லை அவருக்குத் தடுமாறும் தேவநாகரி எழுத்தில் காட்டினால் அடக்க என்ன இருக்கிறது? மையின் நிறத்தைத் தயங்காமல் சொல்லிவிடுவார். பிரேக் பிரமாதம் என்று தாளில் ஏறிவிடும்.

அறுவைக்கு முன்பே அளவு தவறினால், பின்னால் வரும் மாற்றத்தை எதோடு ஒப்பிடுவது? தாய்மொழியில் சோதிக்கச் சொல்வது மொழிப்பற்றுக்காக அல்ல, நோயாளியின் பாதுகாப்புக்காக.

இது முடியாத காரியமும் அல்ல. மான்ட்ரியல் சோதனை என்று பத்து நிமிடத்தில் முடியும் 30 மதிப்பெண் சோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. அது முழுச் சோதனை ஆகாவிட்டாலும் தொடக்கத்துக்கு உதவும். தமிழ் அறிந்த உளவியலாளர் புனேயில் கிடைக்காவிட்டால், சென்னையிலோ வேலூரிலோ இருப்பவர் வீடியோ மூலம் உதவ முடியுமா என்று ஆஸ்பத்திரியைக் கேட்கலாம். மகனோ மருமகளோ உட்கார்ந்து மொழிபெயர்ப்பது மட்டும் கூடாது. அப்பா தடுமாறும்போது பிள்ளையின் வாய் சும்மா இராது.

பின்னால் கவனிக்க வேண்டியது

அண்ணாச்சிக்குச் சிகிச்சை நல்லபடி நடந்தது. கை நின்றது. செக்கில் கையெழுத்து ஒத்துப்போனது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டு மாதம் கழித்து, தேங்காய்க்கு மூன்று கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கும் அந்த மனிதர், யாரையும் கேட்காமல் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். "என்னங்க இது, ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அவர் மனைவி கேட்டதற்கு, "நல்ல இடம், யோசிக்க என்ன இருக்கு?" என்றார். அவருக்கு அது மாற்றமாகவே தெரியவில்லை.

மின்சாரம்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் அல்ல. ஆனால் அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. தேதி போட்டு எழுதிவைத்து டாக்டரிடம் சொன்னார். டாக்டர் மின்துடிப்பின் அளவைக் கொஞ்சம் மாற்றினார். சில வாரங்களில் அண்ணாச்சி பழையபடி தேங்காய் விலை விசாரிக்கத் தொடங்கினார். இந்தச் சிகிச்சையின் பெரிய வசதியே இதுதான். வெட்டி எறிந்தது எதுவும் இல்லை. கூட்டலாம், குறைக்கலாம், கம்பியில் மின்சாரம் பாயும் முனையை மாற்றலாம். ஆனால் யாராவது கவனித்துச் சொன்னால்தானே மாற்ற முடியும்?

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். அறுவைக்கு முன்பே, நோயாளி தெளிவாக இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் நிலம், நகை, கடன், ஜாமீன் எதிலும் இரண்டு பேர் கலந்து பேசாமல் கையெழுத்து இல்லை என்று வையுங்கள். ஊரில் நிலமும் இங்கே பென்ஷனுமாக வாழ்கிறவர்களுக்கு இது மிக அவசியம். பேச்சில் சொல் தடுமாறுகிறதா, கோபம் மிஞ்சுகிறதா, வழக்கத்துக்கு மாறாகச் செலவு செய்கிறாரா, அல்லது எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்துவிட்டாரா என்று பாருங்கள். கண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்துவதோ கருவியை அணைப்பதோ கூடவே கூடாது. "காசு கொடுத்துப் புத்தியைக் கெடுத்துக்கொண்டார்" என்று பேசுவது அதைவிடக் கூடாது.

புனேயில் மராத்தி மக்கள் பார்க்கின்சன்ஸ் மித்ரமண்டல் என்று ஓர் அமைப்பு வைத்து, நோயாளிகளும் வீட்டாரும் கூடிப் பேசிக்கொள்கிறார்கள். அங்கே போய்க் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கம் வேண்டாம். நம் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழாவோடு நிற்காமல், ஆஸ்பத்திரிக்குத் துணை வரும் தமிழ் அறிந்த டாக்டர்கள், உளவியலாளர்கள் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து வைக்கலாம். பட்டியலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. அந்தப் பதறாத குணத்தைத் தாங்கும் இடத்தில்தான் கம்பி வைக்கிறார்கள். கை நிற்கட்டும். அதற்கு முன் நான்காவது கேள்வியைக் கேளுங்கள், தமிழிலேயே பதில் சொல்ல இடம் கேளுங்கள்.