மாடுகளைக் கொன்ற தீவனம்... மனிதர்களைக் காக்கும் மாத்திரை!

1933-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். அதற்கு நடுவே சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, மேடிசன் நகருக்கு வந்தார் ஒரு விவசாயி. வண்டியில் செத்துப்போன கிடேரி, ஒரு கேன் நிறைய உறையாத ரத்தம், கெட்டுப்போன தீவனம். அவர் போய் நின்றது, உயிர்வேதியியல் விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்தில்.

மாடுகள் தின்றது ‘ஸ்வீட் குளோவர்’ என்ற தீவனப் பயிர். பூஞ்சை பிடித்த அந்தத் தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குச் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. ‘அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள், முடிந்தால் ரத்தம் ஏற்றுங்கள்’ என்பதைத் தவிர, லிங்க்கால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பினார் விவசாயி.

லிங்க் விடவில்லை. ஆறு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1939-ல் அந்த நச்சைப் பிரித்தெடுத்தது அவரது குழு. பயிரில் இயல்பாக இருக்கும் கூமரின், பூஞ்சையால் ‘டைகூமரால்’ ஆக மாறுகிறது. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-வை அது வேலை செய்யவிடாது.

மாட்டுக்கு எமனான அந்தக் குணமே, ரத்தக்கட்டியால் உயிருக்குப் போராடியவர்களுக்கு மருந்தானது. அதே வகையில் லிங்க்கின் ஆய்வகம் உருவாக்கிய ‘வார்ஃபரின்’, 1948-ல் எலி மருந்தாக வந்தது. 1954-ல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. மறுஆண்டே, மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அது தரப்பட்டது.

செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் பலர் இன்றும் இந்த மாத்திரையை நம்பித்தான் இருக்கிறார்கள். அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. அதனால்தான் டாக்டர்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்!